மெனுப் பட்டையில் ஒட்டிக்கொண்ட ஓர் ஐகான்

என் மேக்புக் கணினித் திரையின் மேல் விளிம்பில் ஓடும் மெனுப் பட்டையில், வலப்பக்கத்தில், சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லாத ஒரு சாம்பல் நிற ஐகான் மூன்று ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தது. ஒரு தாளும், அதன் மேல் கீழ்நோக்கிய ஓர் அம்புக்குறியும் சேர்ந்த படம். பழைய ஆவணங்களை வருடி எடுப்பதற்காக ஒருமுறை வாங்கிய ஸ்கேனருடன் வந்த மென்பொருளின் அடையாளம் அது. ஸ்கேனரை உறவினர் ஒருவருக்குக் கொடுத்து வெகுநாளாகிவிட்டது. அதன் செயலியையும் அப்ளிகேஷன்ஸ் கோப்புறையிலிருந்து எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுக் காலி செய்துவிட்டேன். ஆனாலும் கணினியைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஐகான் தன் இடத்தில் தவறாமல் வந்து நின்றது. சொடுக்கினால் மூன்றே வரிகள் கொண்ட பட்டியல் விரியும். ஸ்கேன் செய்யச் சொல்லும் வரி, அமைப்புகளுக்கு ஒரு வரி, மென்பொருளைப் பற்றிய விவரத்துக்கு ஒரு வரி. 'வெளியேறு' என்ற வரி மட்டும் இல்லை.

மூன்று ஆண்டுகள் பொறுத்துக்கொண்டவன் இப்போது ஏன் அதை எடுக்கக் கிளம்பினேன் என்றால், அது இன்னொன்றை மறைத்துவிட்டது. நான் மொழிபெயர்ப்பு வேலை செய்பவன். சில வேலைகளுக்கு மணிக்கணக்கில் கூலி என்பதால், நேரம் அளக்கும் ஒரு சிறு செயலியை மெனுப் பட்டையில் வைத்திருக்கிறேன். ஒரு நாள் காலையில் இரண்டு மணி நேரம் வேலை செய்து முடித்துவிட்டு, மற்ற வேலைகளைப் பார்த்துவிட்டு, மாலையில் கணக்குப் பார்த்தபோது அது ஒன்பதரை மணி நேரத்தைக் காட்டியது. கடிகாரத்தை நிறுத்த மறந்ததற்குக் காரணம், அது என் கண்ணில் படவே இல்லை என்பதுதான். 2021-ஆம் ஆண்டு முதல் வந்த 14, 16 அங்குல மேக்புக் ப்ரோ கணினிகளின் திரையில், மேல் விளிம்பின் நடுவே கேமராவுக்காக ஒரு கறுப்பு வெட்டு இருக்கிறது. மெனுப் பட்டை அந்த வெட்டின் இருபுறமாகப் பிரிந்து கிடக்கிறது. வலப்பக்க ஐகான்கள் பெருகிக்கொண்டே போனால், இடக்கோடியில் இருப்பவை அந்த வெட்டுக்குப் பின்னால் போய்விடும். அங்கே ஒன்று மறைந்திருக்கிறது என்பதற்கு எந்த அடையாளமும் தெரியாது. நீண்ட மெனு வரிசை கொண்ட செயலியைத் திறந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்தச் செயலியின் மெனுக்கள் வெட்டைத் தாண்டி வலப்பக்கத்துக்கும் வந்துவிடும், ஐகான்களுக்கு மிஞ்சும் இடம் மேலும் சுருங்கிவிடும். அன்று நான் படத் தொகுப்புச் செயலி ஒன்றைத் திறந்து வைத்திருந்தேன். பயனில்லாத ஸ்கேனர் ஐகான் பட்டையில் சொகுசாக அமர்ந்திருக்க, எனக்குச் சோறு போடும் கடிகாரம் வெட்டுக்குப் பின்னால் கிடந்தது.

மேக் கணினியின் மெனுப் பட்டை உண்மையில் இரண்டு பட்டைகள். இடப்பக்கம் அப்போது முன்னால் இருக்கும் செயலிக்கு உரியது. செயலி மாறினால் அதுவும் மாறும். வலப்பக்கம் எந்தச் செயலி முன்னால் இருந்தாலும் மாறாதது. 1984-இல் வந்த முதல் மெக்கின்டாஷில் இந்த வலப்பக்கம் வெறுமையாகத்தான் இருந்தது. அங்கே ஒரு கடிகாரத்தைக் காட்ட வேண்டும் என்று முதலில் நினைத்தவர்களில் ஆப்பிள் இல்லை. ஸ்டீவ் கிறிஸ்டென்சன் என்பவர் எழுதி இலவசமாகக் கொடுத்த சூப்பர்க்ளாக் என்ற சிறு நிரல் பரவலாகப் புழங்கிய பிறகு, 1994-இல் வந்த சிஸ்டம் 7.5 என்ற மேக் இயங்குதளம் அதைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. மேக் ஓஎஸ் எக்ஸ் 10.1 வந்த 2001 முதல், ஒலி அளவு, மின்கலம், கம்பியில்லா இணைப்பு போன்றவை அங்கே வரிசையாகக் குடியேறின. பிறகு வெளியார் எழுதிய செயலிகளும் இடம் பிடித்தன. இன்று என் பட்டையை எண்ணிப் பார்த்தால் பதினான்கு ஐகான்கள் இருக்கின்றன. அவற்றில் நானாக அழைத்து வந்தவை ஐந்துதான்.

எல்லாருக்கும் தெரிந்த வழியைத்தான் முதலில் முயன்றேன். கமாண்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ஐகானைச் சுட்டியால் பற்றி, பட்டைக்குக் கீழே இழுத்து வந்தால், சுட்டியின் அருகில் ஒரு சிறு பெருக்கல் குறி தோன்றும். அப்போது விரலை எடுத்தால் ஐகான் போய்விடும். புளூடூத் ஐகானில் இதைச் செய்து பார்த்தேன், உடனே மறைந்தது. இதனால் புளூடூத் அணைந்துவிடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விசைப்பலகையும் சுட்டியும் முன்போலவே இயங்கின, அடையாளம் மட்டுமே போயிற்று. மீண்டும் வேண்டுமானால் சிஸ்டம் செட்டிங்ஸில் கன்ட்ரோல் சென்டர் என்ற பகுதிக்கோ, 2025-இல் வந்த டஹோ என்ற இயங்குதளப் பதிப்பில் மெனுப் பட்டைக்கான பகுதிக்கோ போய், மெனுப் பட்டையில் காட்டும்படி சொன்னால் போதும். ஒவ்வொன்றையும் எப்போதும் காட்டுவதா, காட்டாமலே விடுவதா என்று அங்கே தேர்ந்தெடுக்கலாம். சிலவற்றுக்கு 'இயங்கும்போது மட்டும்' என்ற தேர்வும் உண்டு. கடிகாரமும் கன்ட்ரோல் சென்டரின் ஐகானும் இந்த இழுப்புக்கெல்லாம் அசையாது.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. மேக்கில் அஞ்சல், தமிழ் 99 ஆகிய இரண்டு விசைப்பலகைகளும் கூடவே வருகின்றன. அவற்றைச் சேர்த்ததும் பட்டையில் மொழி மாற்றும் ஐகான் ஒன்று தோன்றும். அதைக் காட்டுவதா வேண்டாமா என்ற அமைப்பு கன்ட்ரோல் சென்டரில் இல்லை. விசைப்பலகை அமைப்புகளில், உள்ளீட்டு மொழிகளைத் திருத்தும் பெட்டிக்குள் இருக்கிறது. இடத்துக்காக அதை எடுத்துவிட்டால்கூட விசையால் மொழி மாற்றுவது தடைப்படாது. 2023-இல் வந்த சொனோமா என்ற இயங்குதளப் பதிப்பு முதல், மொழி மாறும்போது எழுதும் இடத்துக்கு அருகிலேயே ஒரு சிறு நீலக் குறி தோன்றி எந்த விசைப்பலகை என்று காட்டிவிடுகிறது. இருந்தும் நான் அதை எடுக்கவில்லை. தமிழ் 99 என்று நினைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் அரைப் பத்தி அடித்துவிட்டுத் தலைநிமிர்ந்து பார்த்த அனுபவம் எனக்கு நிறையவே உண்டு.

ஸ்கேனர் ஐகானுக்கு வருகிறேன். கமாண்ட் விசையுடன் பற்றி இழுத்தேன். பட்டைக்குள் இடமும் வலமுமாக நகர்ந்தது. கீழே கொண்டுவந்து விட்டால் பெருக்கல் குறியும் தோன்றவில்லை, ஐகானும் மறையவில்லை, பழைய இடத்துக்கே துள்ளிப் போயிற்று. காரணம் எளிது. 2016-இல் வந்த சியரா முதல், வெளியார் ஐகான்களையும் இப்படி நகர்த்தி வைத்துக்கொள்ளலாம். ஆனால் இழுத்து வெளியே போடலாமா என்பதை அதை எழுதியவர்தான் தம் நிரலில் அனுமதிக்க வேண்டும். அவர் ஒன்றும் சொல்லாமல் விட்டால் அனுமதி இல்லை என்றே பொருள். மெனுப் பட்டையில் ஐகான் வைப்பதைச் செயலி முடிவு செய்யக் கூடாது, பயன்படுத்துபவர் முடிவு செய்யும்படி விட வேண்டும் என்று ஆப்பிளின் வடிவமைப்பு வழிகாட்டி நிரலாளர்களுக்குச் சொல்கிறது. நல்ல செயலிகள் அதன்படியே தம் அமைப்புகளில் 'மெனுப் பட்டையில் காட்டு' என்ற ஒரு கட்டத்தை வைத்திருக்கின்றன. அதைத் தட்டினால் வேலை முடிந்தது. எனக்குத்தான் அந்த அமைப்புகளைத் திறக்க வழியில்லை. அந்த வரியைச் சொடுக்கினால், நான் முன்பே நீக்கிவிட்ட செயலியைத் தேடி, காணாமல், எதுவும் செய்யாமல் இருந்துவிட்டது.

இவ்வளவு நேரம் நான் ஐகானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஐகான் என்பது முகம்தான். உடம்பு எங்கோ இயங்கிக்கொண்டிருக்கிறது, அது இயங்கும் வரை முகம் பட்டையில் தெரியும். அந்த உடம்பு எங்கே என்பதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்தேன். அது அப்ளிகேஷன்ஸ் கோப்புறைக்குள் யூட்டிலிட்டீஸ் என்ற உள்கோப்புறையில் இருக்கிறது. அப்போது கணினியில் இயங்கும் நிரல்கள் அனைத்தும் அதில் வரிசையாகத் தெரியும். முதன்முறை பார்ப்பவருக்குப் பயமாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஒன்றுமே செய்யாமல் இருக்கும் கணினியில்கூட நூற்றுக்கணக்கில் வரும், பெரும்பாலானவற்றின் பெயரைப் பார்த்து எதையும் ஊகிக்க முடியாது. தெரியாத பெயராக இருக்கிறதே என்று எதையும் நிறுத்திவிடக் கூடாது. மேல் மூலையில் உள்ள தேடல் பெட்டியில் ஸ்கேனர் நிறுவனத்தின் பெயரை அடித்தேன். எதுவும் வரவில்லை. பொருளின் பெயரை அடித்தேன். அதற்கும் வரவில்லை. கடைசியில் 'ஹெல்ப்பர்' என்ற சொல்லை அடித்துப் பார்த்தபோது வந்த இருபது முப்பது பெயர்களில் ஒன்று, நிறுவனப் பெயரின் முதலெழுத்துகளோடு ஒட்டி நின்றது. சந்தேகம் தீர அதை இருமுறை சொடுக்கினேன். திறந்த பெட்டியில், அந்த நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்புகளின் பட்டியலைக் காட்டும் ஒரு பகுதி உண்டு. அதன் தொடக்கத்திலேயே நிரலின் முழு முகவரி கிடைத்தது. அது அப்ளிகேஷன்ஸில் இல்லை. வன்தட்டின் முதன்மை லைப்ரரி கோப்புறையில், அப்ளிகேஷன் சப்போர்ட் என்பதற்குள், நிறுவனத்தின் பெயரில் ஒரு கோப்புறையில் இருந்தது. நான் மூன்று ஆண்டுகளுக்கு முன் குப்பைத் தொட்டியில் போட்டது வாசலில் இருந்த பெயர்ப்பலகையை மட்டும்தான் போலிருக்கிறது.

இனி நிறுத்துவதுதானே என்று, அதே சாளரத்தின் மேலே உள்ள நிறுத்தும் பொத்தானைச் சொடுக்கினேன். ஐகான் மறைந்தது. நான் நாற்காலியில் சாயும் முன்பே திரும்பி வந்தது. மறுபடி நிறுத்தினேன். இம்முறை உடனே வரவில்லை. ஒழிந்தது என்று நினைத்து விரலை எடுத்தேன், சில விநாடிகள் கழித்து அதே இடத்தில் அதே தாளும் அம்பும். இந்தத் தாமதம்தான் குற்றவாளிக்குப் பின்னால் நின்றவரைக் காட்டிக் கொடுத்தது. மேக்கில் மற்ற எல்லா நிரல்களையும் தொடங்கி வைப்பது லாஞ்ச்டி என்ற ஒரு நிரல். 2005-இல் வந்த டைகர் முதல் இருக்கிறது, ஆக்டிவிட்டி மானிட்டரில் பார்த்தால் அதன் எண் 1. 'இந்த நிரல் எப்போது நின்றாலும் மறுபடி தொடங்கு' என்று யாராவது அதனிடம் எழுதிக் கொடுத்திருந்தால், அது அப்படியே செய்யும். ஆனால் ஒரே நிரலைப் பத்து விநாடிக்குள் இரண்டாம் முறை தொடங்காது என்பது அதன் இயல்பான விதி. முதல் முறை, வெகுநேரம் ஓடிய நிரலை நிறுத்தியதால் உடனே எழுப்பியது. இரண்டாம் முறை, அப்போதுதான் எழுப்பிய நிரல் என்பதால் பத்து விநாடி நிறையும் வரை காத்திருந்தது. வேதாளம் முருங்கை மரம் ஏறுவதற்குக்கூட ஒரு கணக்கு இருக்கிறது.

ஆகவே நிறுத்த வேண்டியது நிரலை அல்ல, லாஞ்ச்டிக்குக் கொடுத்த உத்தரவை. 2022-இல் வந்த வென்ச்சுரா முதல் இதற்கு நேர்வழி ஒன்று வந்திருக்கிறது. சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல் என்பதற்குள் லாகின் ஐட்டம்ஸ் என்ற பகுதியைத் திறந்தால் இரண்டு பட்டியல்கள் தெரியும். மேலே இருப்பது, நுழைந்தவுடன் திறக்க வேண்டிய செயலிகள். வேண்டாததைத் தேர்ந்து கழித்தல் குறியைச் சொடுக்கினால் போய்விடும். பலருக்கும் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். கீழே இருப்பது, பின்னணியில் இயங்க அனுமதி பெற்றவை. என்னுடையது அங்கேதான் இருந்தது. ஆனால் பொருளின் பெயரில் இல்லை, நான் கேள்விப்பட்டே இராத ஒரு பெயரில் இருந்தது. மென்பொருளுக்கு எண்ம ஒப்பமிட்டவரின் பெயரே அந்தப் பட்டியலில் வருவது வழக்கம், அதனால் அறியாத பெயரைக் கண்டதும் வைரஸ் என்று அலற வேண்டியதில்லை. அருகில் தகவல் குறி இருந்தால் அதைச் சொடுக்க, எந்தக் கோப்பு என்று, கோப்புகளைப் பார்வையிடும் செயலியான ஃபைண்டரில் காட்டிவிடும். முகவரி நான் முன்பு கண்டதோடு ஒத்துப்போனது. பொத்தானை அணைத்தேன், கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். வெளியேறி மறுபடி நுழைந்தபோது பட்டையில் ஓர் இடம் காலியாகி, நேரம் அளக்கும் கடிகாரம் வெட்டுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். பெரும்பாலோருக்கு நான் அதையே சொல்வேன். ஆனால் கோப்புகள் இன்னும் அங்கேயே கிடக்கின்றன என்று தெரிந்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

லாஞ்ச்டிக்கான உத்தரவுகள் பீலிஸ்ட் என்ற வகைச் சிறு கோப்புகளாக எழுதி வைக்கப்பட்டிருக்கும். அவை இருக்கும் கோப்புறைகளின் பெயர் லாஞ்ச் ஏஜென்ட்ஸ், லாஞ்ச் டீமன்ஸ். முன்னது நுழைந்திருக்கும் பயனருக்காக இயங்குபவை, பின்னது யார் நுழைந்தாலும் நுழையாவிட்டாலும் கணினிக்காக இயங்குபவை. மெனுப் பட்டையில் முகம் காட்டுவது எப்போதும் ஏஜென்ட்தான், ஏனென்றால் டீமனுக்குத் திரை கிடையாது. ஏஜென்ட் கோப்புறை உங்கள் சொந்த லைப்ரரியில் ஒன்றும், வன்தட்டின் முதன்மை லைப்ரரியில் ஒன்றும் இருக்கும். சிஸ்டம் கோப்புறைக்குள் இருக்கும் மூன்றாவது ஆப்பிளுக்கு உரியது, அதில் கைவைக்க நினைத்தாலும் 2015-இல் வந்த எல் கேப்பிட்டன் முதல் கணினியே விடாது. சொந்த லைப்ரரியோ 2011-இல் வந்த லயன் முதல் கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டிருக்கிறது. ஃபைண்டரில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு 'கோ' மெனுவைத் திறந்தால் மட்டும் அது பட்டியலில் தோன்றும்.

முதன்மை லைப்ரரியின் லாஞ்ச் ஏஜென்ட்ஸில் ஏழு கோப்புகள் இருந்தன. பெயர்கள் எல்லாம் இணைய முகவரியைத் தலைகீழாக எழுதியதுபோல் இருக்கும், முதலில் 'காம்', பிறகு நிறுவனம், பிறகு பொருள். எனக்கு வேண்டியதைத் தேர்ந்து இடைவெளி விசையைத் தட்டியதும் உள்ளே எழுதியிருப்பது தெரிந்தது. இருபது வரிகூட இல்லை. எந்த நிரல் என்று ஒரு முகவரி. அதன் கீழே 'ரன் அட் லோட்' என்று ஒரு சொல், அதற்கு நேரே 'உண்மை'. அதற்கும் கீழே 'கீப் அலைவ்', அதற்கு நேரேயும் 'உண்மை'. நுழைந்தவுடன் தொடங்கு, சாக விடாதே. மூன்று ஆண்டுகளாக என் மெனுப் பட்டையை ஆண்டது இந்த இரண்டு வரிகள்தான்.

அந்தக் கோப்பைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்பவில்லை. மேசைத்திரையில் ஒரு கோப்புறை திறந்து, கடவுச்சொல் கொடுத்து, அதற்குள் நகர்த்தி வைத்தேன். அப்ளிகேஷன் சப்போர்ட்டில் இருந்த நிறுவனக் கோப்புறையையும் அங்கேயே கொண்டுவந்தேன். பீலிஸ்ட் கோப்பை எடுத்த கணத்திலேயே எதுவும் மாறிவிடாது, லாஞ்ச்டி அதை ஏற்கெனவே படித்து வைத்திருக்கும், ஆகவே கணினியை ஒருமுறை அணைத்துத் தொடங்குவது அவசியம். ஒரு வாரம் எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்தக் கோப்புறையைக் காலி செய்தேன். நிறுவனக் கோப்புறைகளை நீக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒரே நிறுவனத்தின் அச்சுப்பொறியும் ஸ்கேனரும் உங்களிடம் இருந்தால் இரண்டும் ஒரே கோப்புறையைப் பகிர்ந்துகொண்டிருக்கக்கூடும்.

ஐகான்களை நீக்காமல் ஒளித்து வைக்கும் செயலிகள் இருக்கின்றனவே என்று கேட்பார்கள். பார்டெண்டர், ஐஸ், ஹிடன் பார் என்று பல உண்டு. நல்ல வேலைப்பாடுதான். நிறைய ஐகான்கள் உண்மையிலேயே தேவைப்படுபவர்களுக்கு அவை உதவும். ஆனால் முதல் இரண்டும் தம் வேலைக்காகத் திரையைப் பதிவு செய்யும் அனுமதியைக் கேட்கின்றன. பயனற்ற ஒரு நிரலின் முகத்தை மறைப்பதற்காக, இன்னொரு நிரலுக்கு என் திரை முழுவதையும் பார்க்கும் உரிமையைக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. 2025-இல் வந்த டஹோவில் சிஸ்டம் செட்டிங்ஸிலேயே மெனுப் பட்டைக்கென்று ஒரு தனிப் பகுதி வந்துவிட்டது. வெளியார் செயலிகளின் ஐகான்களையும் அங்கே ஒவ்வொன்றாக அணைத்துவிடலாம். அதற்காகத் தனிச் செயலி வாங்க வேண்டிய தேவை இதனால் குறையும். ஆயினும் அங்கே அணைப்பது முகத்தை மட்டுமே. நிரல் பின்னால் ஓடிக்கொண்டுதான் இருக்கும், நினைவகத்தையும் எடுத்துக்கொண்டுதான் இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை அது.

இன்னொன்றையும் பிற்பாடுதான் கவனித்தேன். மேக்கில் இமேஜ் கேப்ச்சர் என்ற செயலி கூடவே வருகிறது. பல ஸ்கேனர்களுக்கு அதுவே போதும். அந்த மென்பொருளை நான் நிறுவியிருக்கவே வேண்டியதில்லை போலிருக்கிறது.

இதை எழுத உட்கார்ந்தபோது, விவரங்களைச் சரிபார்ப்பதற்காகப் பழைய காப்பு வட்டில் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் துழாவினேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் இறக்கிய ஸ்கேனர் மென்பொருளின் வட்டுப் படிமம், அதாவது நிறுவுவதற்கான கோப்புகளை அடக்கிய ஒற்றைக் கோப்பு, அங்கே இருந்தது. திறந்தால் இரண்டு ஐகான்கள். ஒன்று நிறுவுவதற்கு. மற்றொன்று, நான் அன்று கண்ணெடுத்தும் பார்த்திராதது, நீக்குவதற்கு. இதைத்தான் யாரும் முதலில் தேட வேண்டும், நான் கடைசியில் கண்டேன். என்னதான் செய்கிறது பார்ப்போம் என்று அதை இயக்கினேன். கடவுச்சொல் கேட்டது, சிறிது நேரம் யோசித்தது, நீக்குவதற்கு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது.